கூட இருந்தவன் குடும்பத்துக்கு பென்ஷன் வரல, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆர்மில இருந்து ரிட்டயர் ஆனவன், 1999ல கார்கில் சண்டையப்போ திராஸ் பக்கம் இருந்தேன். இப்போ கூட இருந்தவங்களை ஒவ்வொருத்தரா தேடிப்போய் பாத்துட்டு வரேன், குண்டுக்குப் பயப்படாதவன்லாம் பேப்பர் வேலைன்னா அலறுறான்.

விஷயம் இதுதான், என் செக்‌ஷன்ல இருந்த ஒருத்தன் போன வருஷம் தவறிட்டான், அவன் சம்சாரத்துக்கு குடும்ப பென்ஷன் இன்னும் ஆரம்பிக்கல, ஏன்னா டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் ஆர்டர்) எல்லாத்துலயும் அவங்க பேர் லட்சுமின்னு இருக்கு ஆதார்ல மட்டும் மகாலட்சுமி. ஒரு ஆபீஸ்ல கேட்டா ஆர்மி ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதுங்கங்கறாங்க, எழுதி நாலு மாசம் ஆச்சு பதிலே இல்ல. அந்தம்மா டிஸ்சார்ஜ் புக்கை பீரோல பட்டுப்புடவை மடிப்புக்குள்ள வச்சிருந்து எடுத்துக் குடுத்தாங்க, ஓரமெல்லாம் செல்லரிச்சு போச்சு, அவன் போட்டோ மட்டும் அப்படியே இருக்கு.

லட்சுமியும் மகாலட்சுமியும் ஒரே ஆள்தான்னு நோட்டரி அஃபிடவிட் குடுத்தா போதுமா, இல்ல கெஜட்ல பேர் மாத்தணுமா? ஆள் போனப்புறம் பார்ட் டூ ஆர்டர் (சர்வீஸ் ரெக்கார்ட்ல குடும்ப விவரம் ஏத்துற ஆர்டர்) திருத்தம் யாராவது பண்ணிருக்கீங்களா, எவ்ளோ நாள் ஆச்சு? பென்ஷன் வர்றதுக்கு முன்னாடியே ஈசிஹெச்எஸ் (ரிட்டயர் ஆன ராணுவத்தினருக்கும் குடும்பத்துக்குமான மருத்துவத் திட்டம்) கார்டுல மருந்து வாங்க வழி இருக்கா, அவங்களுக்கு சுகர் வேற.

ஸ்பார்ஷ்ங்கற ராணுவ பென்ஷன் வெப்சைட்ல அப்ளை பண்றது, ஸ்கேன் எல்லாம் நானே பாத்துக்கறேன். அனுபவப்பட்டவங்க மட்டும் சொல்லுங்கப்பா, ஞாயித்துக்கிழமை மறுபடி அங்க போறேன்.