சோபிஸ்டுகள் வெறும் வாய்ச்சவடால்காரர்கள்தானா?

கொல்லிமலை:

பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலைப் படித்து முடித்த கையோடு எழுதுகிறேன். சோபிஸ்டுகள் பழைய கிரேக்கத்தில் கட்டணம் வாங்கிப் பேச்சுக்கலை கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள். ஆனால் சோபிஸ்ட் என்றால் காசு வாங்கிக்கொண்டு பொய்யை மெய்யாகக் காட்டுகிறவன் என்றுதான் நம் எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது. அப்படிப் பதிய வைத்தவர் அவர்களுடைய எதிராளியான தத்துவஞானி பிளேட்டோ. பிளேட்டோ எழுதியது ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கிறது. பெரிய சோபிஸ்டான புரோட்டகோரஸ் எழுதியதில் சில வரிகள்தான் மிச்சம். ஒரு தரப்பின் வாக்குமூலத்தை மட்டும் கேட்டுவிட்டு 2,400 வருடமாகத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் உங்கள்மேல் வழக்கு வந்தால் நீங்களேதான் எழுந்து பேச வேண்டும். எதிரே சில நூறு ஜூரிகள். பக்கத்தில் ஒரு பானையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். பானை காலியானால் உங்கள் நேரம் முடிந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அங்கே நிஜமாகவே அப்படித்தான். பெரிய குடும்பங்களுக்குள்ளேயே இருந்த அந்த வித்தையைச் சோபிஸ்டுகள் வெளியே கொண்டுவந்து கற்றுக்கொடுத்தார்கள். இதில் என்ன குற்றம்?

செங்காந்தள்:

பெரிய குடும்பங்களுக்கு வெளியேவா? பாரோஸ் தீவிலிருந்து வந்த எவேனஸ் என்ற ஆசிரியரின் கட்டணம் 5 மினா என்று பிளேட்டோவின் குரு சாக்ரடீஸ் தன் விசாரணையிலேயே சொல்வதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். அதாவது 500 திராக்மா. ஒரு கொத்தனாரோ தச்சரோ நாள் முழுக்க உழைத்தால் கிடைத்தது சுமார் 1 திராக்மா. அப்புறம் யார் போய்ப் படித்திருப்பார்கள்? கல்லியாஸ் மாதிரிப் பெருந்தனக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான்.

சரி, கட்டணத்தை விடுங்கள். நீங்கள் படித்த அதே புத்தகத்தில் சோபிஸ்ட் கோர்கியாஸ் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டே. அவருடைய உடன்பிறந்தவர் வைத்தியர். மருந்து குடிக்க மாட்டேன், கத்தி வைக்க விடமாட்டேன் என்று அடம்பிடித்த நோயாளிகளிடம் வைத்தியர் தோற்றுப்போக, இவர் பேசியே சம்மதிக்க வைத்தாராம். அதோடு விட்டாரா? ஊர்ச் சபையில் வைத்தியரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், நிஜ வைத்தியரை ஓரங்கட்டிவிட்டுப் பேசத் தெரிந்தவனையே எடுப்பார்கள் என்கிறார். எனக்கு இதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. சமையல்காரனும் வைத்தியனும் குழந்தைகள் முன்னால் வழக்காடினால் யார் ஜெயிப்பார்கள் என்று சாக்ரடீஸ் கேட்பது சும்மா இல்லை.

பழைய வக்கீல்:

இருவருக்கும் வணக்கம். முப்பது வருடம் கோர்ட்டில் நின்றவன், அதனால் நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. அம்மா செங்காந்தள், அந்தக் கதையில் மருந்து நோயாளியின் தொண்டைக்குள் போனதா இல்லையா? வைத்தியரால் முடியாததைப் பேச்சு செய்தது.

கட்டணத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. புரோட்டகோரஸிடம் படித்து முடித்த பிறகு, கேட்ட தொகை அதிகம் என்று தோன்றினால் மாணவன் கோயிலுக்குப் போய், இந்தப் படிப்பு இவ்வளவு பெறும் என்று சத்தியம் செய்து, அந்தத் தொகையை மட்டும் கொடுத்தால் போதும். இதையும் பிளேட்டோதான் எழுதியிருக்கிறார். என் கட்சிக்காரர்களுக்கு இந்த வசதியைக் கொடுத்திருந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் எங்கள் வாதியின் வழக்குக் கட்டையே கொடுத்து, "பிரதிவாதிக்கு எதிருரை எழுதிக்கொண்டு வா" என்பார். முதல் தடவை எரிச்சலாக இருந்தது. எழுதி முடித்தபோதுதான் எங்கள் ஆள் சொன்ன ஒரு தேதி பத்திரத்தோடு இடிப்பது தெரிந்தது. இந்தப் பயிற்சி சோபிஸ்டுகளுடையது. 'இரட்டை வாதங்கள்' என்று, எழுதியவர் பெயர் தெரியாத ஒரு சின்ன நூல் இருக்கிறது. சாவு செத்தவனுக்குக் கெட்டது, குழி தோண்டுகிறவனுக்கு நல்லது என்கிற ரீதியில் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கும்.

செங்காந்தள்:

சார், வாதத்தில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடிக்க உங்கள் சீனியர் கற்றுக்கொடுத்தார், நல்லது. அதே ஓட்டையை ஜட்ஜ் கண்ணில் படாமல் மூடவும் அதே பயிற்சிதானே உதவும்? பலவீனமான வாதத்தைப் பலமுள்ளதாக்குவதுதான் புரோட்டகோரஸ் தந்த வாக்குறுதி. இதைப் பிளேட்டோ மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. பேச்சுக்கலைக்கே நூல் எழுதிய தத்துவஞானி அரிஸ்டாட்டிலே இதைச் சொல்கிறார், ஜனங்கள் அதற்காக ஆத்திரப்பட்டது நியாயம்தான் என்றும் சேர்த்தே.

அது இருக்கட்டும், அந்தத் தேதியைக் கடைசியில் என்ன செய்தீர்கள்?

கொல்லிமலை:

பலவீனமான வாதம் எப்போதும் பொய்யான வாதமா என்ன? கி.மு. 427. லெஸ்பாஸ் தீவின் மிட்டிலீனி நகரம் ஏதென்ஸை எதிர்த்துக் கிளம்பித் தோற்றது. கோபத்தில் இருந்த சபை, ஆண்கள் அத்தனை பேரையும் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக்கச் சொல்லிக் கப்பலும் அனுப்பிவிட்டது. விடிந்ததும் மனசு கேட்கவில்லை, மறுபடி கூடினார்கள். கிளியோன் என்ற அரசியல்வாதி பழைய முடிவிலேயே நிற்கச் சொன்னார். டயோடோடஸ் என்பவர் மறுத்துப் பேசி மயிரிழையில் ஜெயித்தார்.

இரண்டாவது கப்பல் கிளம்பும்போது முதல் கப்பல் ஏறக்குறைய ஒரு பகல் ஒரு இரவு முன்னால் போயிருந்தது. துடுப்பு வலித்தவர்கள் கையை நிறுத்தாமலே, ஒயினிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் தின்றார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள். போய்ச் சேர்ந்தபோது அங்கே தளபதி ஆணையைப் படித்திருந்தார், நிறைவேற்றப் போகிற சமயம். முந்தின நாள் அந்தச் சபையில் எடுபடாமல் போன வாதம் எது? 'கொல்லாதீர்கள்' என்பதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். சோபிஸ்டுகளை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்களே என்று அன்று சபையைத் திட்டியவர் கிளியோன்.

செங்காந்தள்:

இந்தக் கதையை எழுதிய வரலாற்றாசிரியர் துசிடிடீஸை இன்னும் கொஞ்சம் தள்ளியும் படியுங்கள். டயோடோடஸ் அந்த ஜனங்களுக்காக இரக்கம் கேட்கவில்லை, நியாயமும் கேட்கவில்லை. அவர்கள் குற்றவாளிகளா என்பது பேச்சே இல்லை, கொல்வதால் நமக்கு என்ன லாபம் என்று பாருங்கள் என்றார். ஏதென்ஸுக்குப் பிடித்துக் கொண்டுவந்திருந்தவர்களைக் கிளியோனின் தீர்மானப்படி அதே சபை கொன்றது. ஆயிரத்துக்கும் மேல் என்கிறார் துசிடிடீஸ். கப்பல் துரத்திப் போன கதையை எல்லாரும் சொல்கிறார்கள், இந்த ஆயிரம் பேரை யாரும் சொல்வதில்லை.

முகில்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லாரும் கோர்ட்டையும் சபையையும் விட்டு நகரவே மாட்டேன் என்கிறீர்கள். எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரின் பழைய குப்பைமேடுகளில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டுகளில் ஆண்டிபோன் என்ற சோபிஸ்டின் எழுத்து இருந்தது. கிரேக்கரும் அயலாரும் பிறப்பில் ஒன்றுதான், எல்லாரும் வாயாலும் மூக்காலும்தானே மூச்சுவிடுகிறோம் என்கிறார். கோர்கியாஸிடம் படித்த அல்கிடமஸ், இயற்கை யாரையும் அடிமையாகப் படைக்கவில்லை என்றார். சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று எழுதியவர் அரிஸ்டாட்டில்.

செங்காந்தள்:

முகில், அந்த மூக்கு வரிக்காக ஆண்டிபோனுக்கு ஒரு கும்பிடு. அதில் எனக்குச் சண்டையே இல்லை.

கொல்லிமலை:

அப்படியானால் கடைசியாக ஒன்று. கி.மு. 423இல் அரிஸ்டோபேனஸின் 'மேகங்கள்' நாடகம் மேடையேறியது. அதில் கடன் கொடுத்தவர்களை ஏமாற்ற வாதம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூட வாத்தியார் யார் தெரியுமா? சாக்ரடீஸ். 24 வருடம் கழித்து உயிருக்காக நிற்கும்போது, அந்த நாடகம் தன்மேல் பூசிய சேறு இன்னும் போகவில்லை என்று அவரே புலம்புவதாகப் பிளேட்டோ எழுதுகிறார். ஊர் வெறுத்த சோபிஸ்ட் பட்டம் அவரையும் சேர்த்துத்தான் கொன்றது. என் குரு அந்தக் கும்பல் இல்லை என்று காட்டப் பிளேட்டோ காலமெல்லாம் எழுதினார். தன் கட்சிக்காரருக்காக வாதாடிய வக்கீல்தான் அவரும்.

செங்காந்தள்:

ஃபீஸ் வாங்காத வக்கீல். அதுவும் கட்சிக்காரர் செத்த பிறகு. இந்த ஒப்பீடு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வக்கீல் சார், தேதிக் கதை பாக்கி இருக்கிறது.

பழைய வக்கீல்:

மறந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். எதிர்த்தரப்பு அதைக் கவனிக்கவே இல்லை. குறுக்கு விசாரணையில் அந்தப் பக்கமே போகாதபடி சீனியர் கேள்விகளை அமைத்துக்கொண்டார். எங்கள் ஆளுக்கு நிலம் கிடைத்தது. அன்றைக்கு மதியம் பெரிய சாப்பாடு வாங்கிக் கொடுத்தார், நானும் சாப்பிட்டேன்.