புதுப்பிப்பு: மூன்றாம் கியரிலேயே நின்ற ஆட்டோமேட்டிக் கார்

போன வாரம் கேட்டிருந்தேன்: கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரும்போது, பாபநாசம் தாண்டியதும் என் பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் மூன்றாம் கியரிலேயே நின்றுவிட்டது, இன்ஜின் விளக்கும் எரிந்தது. ஒரு பட்டறையில் கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள்.

மாற்றவில்லை. காரணம் கிடைத்துவிட்டது.

ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு (கோடு) பி0755, அதாவது இரண்டாவது ஷிப்ட் சோலனாய்டு: கியர் மாற, ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்சுருள் வால்வு. குறியீடு வந்தாலே சோலனாய்டு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்தச் சுற்றில் எங்கோ கோளாறு, அவ்வளவுதான். ஒயரும் கனெக்டரும் அந்தச் சுற்றில் சேர்த்திதான்.

முதலில் கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்த்தோம். அளவு சரி, நிறம் சிவப்பு, கருகல் வாடை இல்லை. கருகியிருந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகளே தேய்ந்திருக்கலாம்.

அப்புறம் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தோம். சோலனாய்டின் மின்தடை என் காரின் கையேட்டில் 11 முதல் 15 ஓம். சோலனாய்டு பக்கம் 13 காட்டியது. சூடானால் மட்டும் அறுந்துபோகிற சுருளும் உண்டு என்பதால், வண்டியை ஓட்டிச் சூடாக்கி மறுபடி அளந்தோம். சற்றே கூடியது, அவ்வளவுதான். 12 வோல்ட் கொடுத்ததும் 'டிக்' என்று தெளிவாகச் சத்தம்.

ஆக, சோலனாய்டு நல்லாவே இருந்தது. கனெக்டர் பின்னில்தான் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஐப்பசி மழையில் வெண்ணாற்றங்கரைப் பக்கம் தேங்கிய தண்ணீரில் ஓட்டியிருந்தேன். ரப்பர் சீலும் வெடித்திருக்கிறது.

பின்னையும் சீலையும் மாற்றி, பிழைக் குறியீட்டை அழித்தோம். நேற்று கும்பகோணம் போய்த் திரும்பினேன், நான்கு கியரும் ஒழுங்காக விழுகின்றன. "முதலில் கனெக்டரைப் பாருங்க" என்று சொன்ன மன்னார்குடி அண்ணனுக்கு மிக்க நன்றி.