ஆறரை வயதுப் பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து: எவ்வளவு இடம் விட்டு வாங்க வேண்டும்? தட்டைப் பாதத்துக்குத் தனிச் சப்பாத்து தேவையா?

ஒட்டுசுட்டான் அம்மா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனது மகளுக்கு ஆறரை வயது ஆகிறது; வருகிற தை மாதம் தரம் இரண்டுக்குப் போகிறாள். காலையில் தகப்பன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார் என்றாலும் திரும்பி வருவது பெரும்பாலும் நடைதான். அந்தப் பாதையில் பாதி தார், மீதி கிரவல். சில நாட்களாகப் பாடசாலை விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவளது சின்ன விரலின் மேற்புறம் சிவந்திருப்பதைக் காண்கிறேன். கேட்டால் நோகவில்லை என்கிறாள்.

புதிய சப்பாத்து வாங்கத்தான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் யாரிடம் கேட்டாலும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். இரண்டு அளவு பெரிதாக வாங்கி முன்பக்கத்தில் பஞ்சு வைத்துக் கொடுத்தால் இரண்டு வருடம் போடலாம் என்பது அயலவர்களின் ஆலோசனை. கொழும்பில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா, மகளின் பாதம் தட்டையாக இருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு, பாதத்தின் உள்வளைவைத் தாங்கும் விலைகூடிய சப்பாத்து வாங்காவிட்டால் பிற்காலத்தில் முழங்கால் பாதிக்கப்படும் என்று பயமுறுத்துகிறார். அந்தச் சப்பாத்தின் விலை எங்களுக்கு எட்டாதது; ஆனாலும் பிள்ளைக்கு உண்மையாகவே தேவையென்றால் எப்படியாவது வாங்கிக் கொடுப்போம். இன்னொரு சிக்கலும் உண்டு. நான் வேலை விடயமாகத் தனியே கிளிநொச்சிக்குப் போகும்போதுதான் கடைக்குப் போக முடியும். மகளைக் கூட்டிக்கொண்டு போவது கடினம். பிள்ளை இல்லாமல் சரியான அளவு பார்த்து வாங்க ஏதாவது வழி இருக்கிறதா? விடயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

இயன்மருத்துவர், கிளிநொச்சி

சகோதரி, உங்கள் கேள்விகளில் தட்டைப் பாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தேவையற்ற பெருஞ்செலவுக்குள் உங்களைத் தள்ளக்கூடியது அதுதான். சிறு பிள்ளைகளின் பாதத்தில் உள்வளைவு வரவேண்டிய இடத்தை ஒரு கொழுப்புப் படை நிரப்பியிருக்கும்; மூட்டுகளைப் பிணைக்கும் நாண்களும் அந்த வயதில் தளர்வாகவே இருக்கும். ஆகவே பிள்ளை நிற்கும்போது பாதம் முழுவதும் நிலத்தில் படிவது இயல்பானது. வளைவு பல வருடங்கள் எடுத்து மெதுவாக உருவாகிறது. ஆறு, ஏழு வயதிலும் அது முழுமையடையாத பிள்ளைகள் ஏராளம். மகளை வெறுங்காலுடன் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது உட்புறத்தில் வளைவு தோன்றி, குதிக்காலும் சற்று உள்நோக்கித் திரும்பினால், அது நெகிழ்வான தட்டைப் பாதம். நோவு இல்லாதவரை அதற்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை.

விலைகூடிய சப்பாத்து வளைவை உருவாக்குமா என்பது முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட கேள்வி. 1989 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நெகிழ்வான தட்டைப் பாதமுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குத் திருத்தச் சப்பாத்துகளும் சப்பாத்துக்குள் இடும் விசேட உள்ளட்டைகளும் கொடுத்து, ஏனையோருக்கு எதுவும் கொடுக்காமல் மூன்று வருடங்கள் கவனித்தார்கள். எல்லாக் குழுக்களிலும் வளைவு ஒரே விதமாகவே முன்னேறியிருந்தது. நமக்கு அருகில், கர்நாடகத்தில், 2300 பிள்ளைகளின் பாதங்களைப் பரிசோதித்து 1992 இல் வெளியிடப்பட்ட ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. சப்பாத்து, செருப்பு அணிந்து வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதமானோருக்கும், வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதமானோருக்கும் மட்டுமே தட்டைப் பாதம் இருந்தது. அணிந்தவர்களுக்குள்ளும் விரல்களை முற்றாக மூடும் சப்பாத்து அணிந்தவர்களிடமே அது கூடுதலாகக் காணப்பட்டது. இதை வைத்து, பிள்ளையைக் கிரவல் பாதையில் வெறுங்காலுடன் அனுப்பலாம் என்று கொள்ள வேண்டாம். நெருஞ்சி முள்ளும் உடைந்த போத்தலும் ஈர மண்ணில் இருக்கும் கொழுக்கிப் புழுவும் நமது ஊர்களின் யதார்த்தம். ஆனால் பெருக்கித் துப்புரவாக வைத்திருக்கும் முற்றத்திலும் வீட்டுக்குள்ளும் அவள் வெறுங்காலுடன் ஓடி விளையாடட்டும். பாதத்தின் சிறு தசைகள் வலுப்பெற அது நல்ல பயிற்சி.

ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தாலோ, நுனிக்காலில் நின்றும் வளைவு தோன்றாமல் பாதம் விறைப்பாக இருந்தாலோ, பிள்ளை நொண்டினாலோ, காலில் நோவென்று விளையாட மறுத்தாலோ, தாமதிக்காமல் வைத்தியசாலையில் காட்டுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை பொதுவாகத் தரம் ஒன்று, நான்கு, ஏழு, பத்து ஆகியவற்றில்தான் நடைபெறுகிறது. அப்படியான அறிகுறி இருந்தால் தரம் நான்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

இனி அளவு பற்றி. சின்ன விரல் சிவந்திருப்பது சப்பாத்து ஒடுக்கமாகிவிட்டது என்பதன் அடையாளம். அவள் நோகவில்லை என்று சொல்வதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். இந்த வயதில் பாதத்தின் எலும்புகள் முழுமையாக முற்றாமல் ஓரளவு குருத்தெலும்பாகவே இருப்பதால், இறுக்கத்துக்கு ஏற்ப அது வளைந்து கொடுத்துவிடும். பிள்ளையும் விரல்களை மடக்கி வைத்துக்கொள்ளப் பழகிவிடும். கடையில் பெருவிரலின் மேல் அழுத்திப் பார்த்து ஏமாறுவதும் இதனால்தான், நாம் அழுத்தும்போது பிள்ளை விரலை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

நிற்கும் நிலையில் மிக நீண்ட விரலுக்கும் சப்பாத்தின் உள்முனைக்கும் இடையே ஏறக்குறைய 12 மில்லிமீற்றர், அதாவது ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான இடம் இருக்க வேண்டும். நடக்கும்போது பாதம் முன்னோக்கி நகர்வதற்கும் வளர்வதற்குமான இடம் அது. இந்த வயதில் பாதம் மாதத்துக்கு 1 மில்லிமீற்றர் அளவில், அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக வளரும். எனவே சரியாக வாங்கிய சப்பாத்து இரண்டு வருடம் வராது. ஒவ்வொரு தவணை தொடங்கும்போதும் அளந்து பார்ப்பது நல்லது. இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு வைத்தால் என்ன நடக்கும் என்றால், சப்பாத்து மடிய வேண்டிய இடமும் விரல்களின் அடியில் பாதம் மடியும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும், குதிக்கால் ஒவ்வொரு எட்டிலும் மேலெழுந்து உரஞ்சும், கழன்று விடாமலிருக்கப் பிள்ளை விரல்களால் இறுக்கிப் பிடித்தபடி நடக்கும், கிரவலில் தடுக்கி விழும். பஞ்சு முன்பக்க வெறுமையை நிரப்புமே தவிர, இவற்றில் எதையும் திருத்தாது.

சப்பாத்துக் கடை, புதுக்குடியிருப்பு

தங்கச்சி, பிள்ளையைக் கூட்டி வராமல் அளவெடுக்கும் வழியை நான் சொல்கிறேன். பரந்தன் வீதியில் தூர இடங்களிலிருந்து பஸ்ஸில் வரும் தாய்மாருக்கு நான் வழமையாகச் சொல்வதும் இதுதான்.

பின்னேரத்தில் அளவெடுங்கள், நாள் முழுவதும் ஓடியாடிய பின் பாதம் சற்று விரிந்திருக்கும். பாடசாலைக்குப் போடும் காலுறையையே அணிவித்து, கொப்பித் தாள் ஒன்றைச் சுவரோடு ஒட்டி நிலத்தில் வைத்து, குதிக்கால் சுவரில் படும்படி பிள்ளையை நேராக நிற்க விடுங்கள். இருக்க வைத்து அளந்தால் அளவு குறைந்து வரும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து மிக நீண்ட விரலின் நுனியை அடையாளமிடுங்கள். சில பிள்ளைகளுக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும். பாதத்தின் சுற்று வடிவத்தையும் வரைந்து வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்களையும் அளக்க வேண்டும், ஏனென்றால் அநேகமானோருக்கு ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கும். பெரியதையே கணக்கில் எடுங்கள்.

பிறகு பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு சென்ரிமீற்றர் அகலமான துண்டொன்றை, பாத நீளத்துடன் 12 மில்லிமீற்றர் கூட்டி வெட்டுங்கள். கடையில் அந்தத் துண்டைச் சப்பாத்துக்குள் குதிப் பக்கத்திலிருந்து முனைவரை விடுங்கள். அட்டை மடிந்தால் சப்பாத்து கட்டை. அட்டைக்குப் பின்னால் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அது பெரிது. உள்ளட்டை கழற்றக்கூடியதாக இருந்தால் வெளியே எடுத்து, வெட்டிய பாத வடிவத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள். காகிதம் சின்ன விரல் பக்கத்தில் வெளியே தள்ளிக்கொண்டு நின்றால், நீளம் சரியாக இருந்தாலும் அந்தச் சப்பாத்து உங்கள் மகளுக்கு உகந்ததல்ல. இலக்கத்தைக் கூட்டி அகலத்தைப் பெற முயலாமல், முன்பக்கம் வட்டமாக அகன்ற வேறொரு மாதிரியைக் கேளுங்கள்.

இலக்கத்தை மட்டும் நம்பி வாங்குவதால் வரும் குழப்பம் பெரிது. பிரித்தானிய முறையில் பிள்ளைகளின் இலக்கம் 13 வரை போய், அதன்பின் மீண்டும் 1 இலிருந்து தொடங்கும். ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே ஏறக்குறைய எட்டரை மில்லிமீற்றர் வித்தியாசம். ஐரோப்பிய முறையில் அந்த வித்தியாசம் ஆறே முக்கால் மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இதற்கு மேல், ஒரே இலக்கம் பொறித்த இரு நிறுவனங்களின் சப்பாத்துகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உள்நீளம் வேறுபடும். உங்கள் அட்டைத் துண்டு இந்தக் கணக்குகள் எதையும் பொருட்படுத்தாது.

கையில் எடுத்ததும் குதிப்பகுதியை இரு பக்கமும் அழுத்துங்கள். அது இலகுவில் அமுங்காமல் உறுதியாக நிற்க வேண்டும். முனையையும் குதியையும் பிடித்து மடக்கினால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிய வேண்டும். நடுவில் இரண்டாக மடியும் சப்பாத்தை வைத்துவிடுங்கள். அடிப்பாகம் கிரவல் கல் குத்தாத தடிப்பும் வழுக்காத வரியும் உள்ள றப்பராக இருக்கட்டும், பாரம் வேண்டாம். பாதத்தின் மேல் இறுக்கிப் பிடிக்க லேஸோ வெல்குரோப் பட்டியோ பக்கிளோ கட்டாயம் வேண்டும். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் இழுத்துப் போடும் மாதிரியை விரும்பிக் கேட்பார்கள்; அது பிடிக்க வேண்டுமானால் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டியிருக்கும், ஆகவே வளரும் பிள்ளைக்கு நான் அதை எடுத்துக் கொடுப்பதில்லை. பாவிக்காமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவீர்களா என்று காசு கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். வீட்டில் சீமெந்துத் தரையில் போட்டு நடக்கவிட்டுப் பார்த்தபின் வெளியே போடலாம்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியை, துணுக்காய்

அக்கா, மேலே எழுதியவர்கள் அளவைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வகுப்பறையில் நான் காண்பதை மட்டும் சேர்க்கிறேன். மாரி காலத்தில் பிள்ளைகள் நனைந்த சப்பாத்துடனும் காலுறையுடனும் பாடம் முடியும்வரை இருப்பார்கள்; விரல் இடுக்குகள் வெளிறி, தோல் உரிந்து, சேற்றுப்புண் வந்துவிடும். றெக்சின் சப்பாத்தைவிடக் கன்வஸ் சப்பாத்து காற்றோட்டமானது, விரைவில் காயும். ஈரமானதை அடுப்படியில் வைக்காமல், லேஸையும் உள்ளட்டையையும் கழற்றிப் பத்திரிகைத் தாளை உள்ளே அடைத்து, தாள் நனைய நனைய மாற்றி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். நெருப்பிலும் கடும் வெயிலிலும் காய்ந்தால் பசை விட்டுவிடும். மழை நாட்களில் பின்பட்டி உள்ள செருப்புடன் அனுப்பி, சப்பாத்தையும் உலர்ந்த காலுறையையும் பையில் கொடுத்துவிட அனுமதி உண்டா என வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். நான் எனது வகுப்பில் அதை அனுமதிக்கிறேன்.

கல்வி அமைச்சின் பாதணி வவுச்சர் உங்கள் பாடசாலைக்கும் கிடைக்குமானால், இறுதித் திகதி நெருங்கும்வரை வைத்திருக்காதீர்கள். அந்தக் கடைசி நாட்களில் கடைகளில் சின்ன இலக்கங்கள் முடிந்து, இருப்பதை வாங்கிக்கொண்டு வரும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த கவலையாக இருக்கும். பிள்ளை தானாகவே கட்டக்கூடிய சப்பாத்தா என்பதையும் யோசியுங்கள். லேஸ் கட்டத் தெரியாத பிள்ளை, இடைவேளைக்குப் பின் குதியை மிதித்துக்கொண்டுதான் திரிகிறது. உறுதியான குதிப்பகுதி என்று பார்த்து வாங்கியது சில வாரங்களில் மடிந்து வீணாகிறது.

ஒட்டுசுட்டான் அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சுவரைப் பிடித்து நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பாதங்களிலும் வளைவு நன்றாகத் தெரிகிறது, நோவும் இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அட்டைத் துண்டும் வெட்டி வைத்திருக்கிறேன். இன்னுமொன்று கேட்க வேண்டும். எனது அண்ணனின் மகள் போட்ட சப்பாத்து ஒரு சோடி, பார்வைக்குப் புதிதுபோலவே வீட்டில் இருக்கிறது. ஒருவர் போட்டதை இன்னொரு பிள்ளைக்குப் போடவே கூடாது என்கிறார்களே, அது சரியா?

இயன்மருத்துவர், கிளிநொச்சி

நுனிக்காலில் வளைவு தெரிவது நல்ல செய்தி, சகோதரி. போட்ட சப்பாத்தை முற்றாக ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நமது குடும்பங்களின் நிலையில் அப்படிச் சொல்வது நியாயமும் அல்ல. நீண்ட காலம் அணிந்த சப்பாத்து, அணிந்த பிள்ளையின் பாதத்துக்கும் நடைக்கும் ஏற்ப உருமாறியிருக்கும் என்பதே அதில் உள்ள குறை. மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதி ஒரு பக்கம் சரிந்திருந்தாலும், அடிப்பாகம் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தாலும், உள்ளட்டையில் விரல்களின் பள்ளம் ஆழமாகப் பதிந்திருந்தாலும் வேண்டாம். உங்கள் மருமகளுக்குக் காலில் பூஞ்சணத் தொற்று இருந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இவை ஒன்றுமில்லாமல், சில வாரங்கள் மட்டுமே போட்டதாக இருந்தால், உள்ளட்டையைக் கழுவி நன்றாகக் காயவிட்டு, புதிய சப்பாத்துக்குப் பார்ப்பது போலவே அட்டைத் துண்டை உள்ளே விட்டும் பாத வடிவத்தை உள்ளட்டையில் வைத்தும் பாருங்கள். பொருந்தினால் தாராளமாகப் போடலாம். பெரிதாக இருந்தால் பஞ்சு வைத்துக் கொடுக்காமல் ஈரம் படாத இடத்தில் எடுத்து வைத்து, அடுத்த தவணையில் பாதத்தை அளந்து புதிய துண்டு வெட்டி மறுபடியும் பாருங்கள்.