கிராமபோன் பார்சல்: வெளிப்பெட்டியில் கீறல் இல்லை, உள்ளே எல்லாம் உடைசல்

எனக்கு வந்த ஒரு மேசை கிராமபோனைப் பற்றிச் சொல்கிறேன். அட்டைப்பெட்டி புதுசு போல இருந்தது. மூடியைத் திறந்தால், சுழலும் தட்டு அச்சிலிருந்து கழன்று, வழியெல்லாம் உள்ளேயே உருண்டு சவுண்ட் பாக்ஸில் (ஊசியைப் பிடித்து ஒலி எழுப்பும் வட்டமான பாகம்) மோதியிருக்கிறது. அதிலிருக்கும், அதிர்ந்து ஒலி தரும் மைக்கா தகடு துண்டு துண்டாகக் கிடந்தது, அதன் பின்பக்க உலோகம் இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தக் காலத்துத் துத்தநாகக் கலவை வார்ப்புகள் பலவும் வயதாக ஆக நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், அடி தாங்காது. அனுப்பியவர் பெட்டியைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை, தட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

அதனால் நான் பார்சல் போடும்போது முதல் வேலை பிரிப்பதுதான். சாவி கொடுத்திருந்தால் முழுவதும் இறங்கும்வரை ஓடவிடுவேன், ஏனென்றால் குலுக்கலில் பிரேக் விலகினால் ஸ்பிரிங்கின் விசை மொத்தமும் மோட்டாரில்தான் போய் இறங்கும். அப்புறம் தட்டை நேராக மேலே தூக்க வேண்டும். சில மாடல்களில் கிளிப்போ நட்டோ பிடித்திருக்கும், அதைப் பார்க்காமல் இழுத்தால் அச்சு வளைந்துவிடும். சவுண்ட் பாக்ஸ், சாவிக் கைப்பிடி, ஹார்ன் எல்லாம் தனித்தனியாகச் சுற்றி வைக்கணும். குழாய்க் கையை (சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் கை) ஆடாதபடி பருத்தி நாடாவால் கட்டிவிடுவேன். டேப் மட்டும் மரத்தின் மேல் ஒட்டவே கூடாது, உரிக்கும்போது பழைய பாலிஷும் சேர்ந்து வரும். பபிள் ராப்பும் நேராக மரத்தில் படக்கூடாது, வெயிலில் கிடந்தால் குமிழ் அச்சு அப்படியே பதிந்துவிடும். முதலில் மெல்லிய துணி, அதன்மேல் மற்றது. தெர்மோகோல் மணிகளைக் கொட்டி நிரப்பாதீர்கள், அவை மோட்டாருக்குள் புகுந்துவிடும்.

பெட்டிக்குள் பெட்டி கட்டாயம், இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ.யாவது அழுத்தமான ஸ்பாஞ்ச். ஹார்னுக்குத் தனிப் பெட்டி, உள்ளே காகிதம் அடைத்து, விளிம்பில் பாரம் விழாதபடி.

இசைத்தட்டுகளை இதே பெட்டியில் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். 78 வேகத் தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டு) பெரும்பாலும் அரக்கில் செய்தது, விழுந்தால் பீங்கான்தான். தனியாக, செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இடையே அட்டை வைத்து அனுப்பணும்.

மூடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, எந்தத் திருகு எந்தப் பையில், சுழலும் தட்டு எங்கே என்று ஒரு தாளில் எழுதி மேலாகவே வையுங்கள். இல்லாவிட்டால் பிரிப்பவர் அவசரத்தில் ஸ்பாஞ்சோடு சேர்த்துச் சவுண்ட் பாக்ஸையும் குப்பையில் போட்டுவிடுவார், அப்படிப் போன ஒன்றை எனக்குத் தெரியும்.