2518 லாரிக்கு சைலன்சரைக் கழட்டிட்டு நேர் பைப் போடலாமா?

சங்ககிரி பத்துவீல்:
வணக்கமுங்க. வண்டி 2013 மாடல் 2518, பிஎஸ்3 (பழைய புகை விதி), கம்மின்ஸ் 6பிடி இன்ஜின். சேலத்துல ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு நாக்பூர், அமராவதி பக்கம் போறது. சைலன்சர் துரு ஏறி அடிவயிறு பொத்துகிச்சு. பத்த வச்சு பத்த வச்சு, இனி பத்த வைக்கத் தகடே இல்லைங்கறார் வெல்டர். புதுசு வாங்காம நாலு இன்ச் பைப்பை நேரா பின்னால இழுத்து விட்டுடலாம்னு டிரைவர் ஒத்தக்கால்ல நிக்கறார். ஏத்தத்துல இழுவை கூடுமாம், லிட்டருக்கு அரை கிலோமீட்டர் மைலேஜும் ஏறுமாம். கொஞ்ச நாளாவே வண்டி ஏத்தத்துல திணறுதுங்க, அது நெசந்தான். செஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

குமாரபாளையம் லேத்:
தாராளமா போடுங்க. நம்ம பட்டறையில மாசத்துக்கு நாலஞ்சு வண்டி இதே வேலைக்கு வருது. டர்போ (எக்ஸாஸ்ட் புகை வேகத்துல சுத்தி இன்ஜினுக்குக் காத்தை அழுத்தித் தள்ளற விசிறி) இருக்கிற வண்டியில, அதுக்குப் பின்னால அடைப்பு எவ்வளவு குறையுதோ அவ்வளவு சீக்கிரம் டர்போ சுத்தும், எக்ஸாஸ்ட் சூடும் குறையும். "இன்ஜினுக்கு பேக் பிரஷர் (பின்னழுத்தம்) வேணும்"னு சிலர் வந்து பாடம் எடுப்பாங்க, அது டர்போ இல்லாத பெட்ரோல் பைக்குச் சொல்ற கதை. சத்தமும் நினைக்கிற அளவுக்கு வராது, டர்போவோட டர்பைனே பாதிச் சத்தத்தை முழுங்கிடும். செலவு புது சைலன்சர்ல கால்வாசி.

பைபாஸ் ஓரத்து வீடு:
பாதிச் சத்தத்தை டர்போ முழுங்குதுன்னா மீதியை யாருங்க முழுங்கறது? எங்க வீடு மேம்பாலம் ஏறுற இடத்துல இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு லோடு வண்டி கியர் இறக்கி ஏறும்போது ஜன்னல் கண்ணாடி அதிருது. சைலன்சர் இருக்கிற வண்டி போனா புரண்டு படுத்துக்கிறோம். நேர் பைப் வண்டி போனா கைக்குழந்தை எழுந்து உட்கார்ந்து அழுவுது. நூறு ரூபா டீசல் மிச்சத்துக்கு ஒரு தெருவையே எழுப்பணுமா?

குமாரபாளையம் லேத்:
ரோட்டு ஓரம் வீடு கட்டிட்டு ரோட்டுல சத்தம்னா எப்படிங்க.

பைபாஸ் ஓரத்து வீடு:
வீடு எங்க தாத்தா கட்டினது. பைபாஸ்தான் அப்புறம் வந்துச்சு.

டர்போ கணக்கு:
லேத் அண்ணன் சொன்னதுல ஒண்ணு சரி. டர்போ டீசலுக்குப் பின்னழுத்தம் தேவையே இல்லை, குறைஞ்சா நல்லதுதான். ஆனா எவ்வளவு நல்லதுன்னு அவர் சொல்லலை, அதை நான் சொல்றேன்.

6பிடி இன்ஜினுக்கு டர்போவுக்குப் பின்னால கம்மின்ஸ் அனுமதிக்கிற அடைப்பு அதிகபட்சம் பாதரச அளவுல 3 இன்ச், அதாவது சுமார் 10 கிலோபாஸ்கல். பைப், வளைவு, சைலன்சர் எல்லாம் சேர்ந்தே அவ்வளவுதான். சைலன்சரை எடுத்ததும் அந்த அடைப்பு மொத்தமும் பூஜ்யமாயிடுச்சுன்னே வச்சுக்குவோம். இன்ஜின் 5.9 லிட்டர். 1500 ஆர்பிஎம்ல, ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைங்கறதால, நிமிஷத்துக்கு 750 தடவை அந்தக் கொள்ளளவு வெளிய தள்ளப்படுது, ஆக சுமார் 4,400 லிட்டர். அதை 10 கிலோபாஸ்கலால பெருக்கினா வர்றது முக்கால் கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு குதிரைத்திறன்! டர்பைனுக்கு முன்னாடி அழுத்தம் இதைவிடக் கூடவே இறங்கும், அதையும் தாராளமா சேர்த்துக்கிட்டா ரெண்டு, மூணு குதிரை. 180 குதிரை வண்டியில இதை உங்க டிரைவர் கால்ல உணர்ந்தாருன்னா அவருக்குக் கோயில் கட்டணும்.

மைலேஜுக்கு வாங்க. லோடுல நாலு கொடுக்கிற வண்டி நாலரை கொடுக்கணும்னா ஒன்பதுல ஒரு பங்கு டீசல் மிச்சமாகணும். ரெண்டு குதிரையில அது எங்கிருந்து வரும்?

குமாரபாளையம் லேத்:
பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் வரும் சார். நேர் பைப் போட்டுட்டுப் போன டிரைவருங்க அத்தனை பேரும் திரும்பி வந்து "அண்ணா வண்டி பறக்குது"ங்கறாங்களே, அவங்க எல்லாம் பொய் சொல்றாங்களா?

டர்போ கணக்கு:
பொய் இல்லை. ரெண்டு காரணம் இருக்கு.

முதலாவது சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சதும் காதுக்குப் பக்கத்துல உறுமினா வண்டி வேகமாப் போற மாதிரியே இருக்கும். ஸ்டாப்வாட்ச் வச்சுக்கிட்டு அதே லோடுல அதே ஏத்தம் ஏறிப் பாருங்க, வித்தியாசம் தெரியாது.

ரெண்டாவதுதான் முக்கியம். உங்க பட்டறைக்கு வர்ற வண்டியில பாதி, சைலன்சர் உள்ள செத்துப்போன வண்டி. உள்ள துளை போட்ட குழாயும் தடுப்புத் தகடும் இருக்கும். துருவுல அது இத்து விழுந்து வாயை அடைச்சுக்கும். வண்டி ஆறினதுக்கு அப்புறம் மரச்சுத்தியால தட்டிப் பாருங்க, நல்ல சைலன்சர் "டொம்"முங்கும், கெட்டது உள்ள கலகலங்கும். அப்படி அடைச்ச சைலன்சரைக் கழட்டி நேர் பைப் போட்டா வண்டி பறக்கத்தான் செய்யும். புது சைலன்சர் போட்டாலும் அதே அளவு பறக்கும். பெருமை பைப்புக்குப் போயிடுது.

சங்ககிரிக்காரரே, வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. சைலன்சருக்கு முன்னால பைப்புல சின்ன ஓட்டை போட்டு ஒரு நிப்பிள் பத்த வச்சு, குறைஞ்ச அழுத்தம் காட்டுற கேஜ் மாட்டுங்க. லோடோட ஏத்தத்துல ஃபுல் மிதி மிதிச்சுப் பார்த்தா 3 இன்ச்சுக்குள்ள இருக்கான்னு தெரிஞ்சிடும். இருந்தா குறை வேற எங்கயோ. ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் (டர்போ காத்தை ஆற வைக்கிறது) ஹோஸ் கிழிசல், டீசல் பம்பு, நாசில் இதையெல்லாம் பாருங்க.

கிளீனர் டு ஓனர்:
இழுவைச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2) யாராவது படிச்சீங்களா? சத்தம், புகை விதியை மீறின வண்டியை ஓட்டினாலும் சரி, ஓட்ட விட்டாலும் சரி, 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே 10,000 ரூபா வரை அபராதம், இல்லைன்னா மூணு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம். அதோட மூணு மாசத்துக்கு லைசென்ஸ் தகுதி போச்சு. சைலன்சர் இருந்தே ஆகணும்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதி 120 தனியா சொல்லுது.

நான் கிளீனரா ஏறி, ஓட்டி, இப்ப ரெண்டு வண்டி வச்சிருக்கேன். அதனால சொல்றேன். அபராதத்தை ஓனர் கட்டிடுவார். லைசென்ஸ் போனா டிரைவர் வீட்டு அடுப்பு அணையும். பைப் போடச் சொல்றவரே டிரைவருங்கறதாலதான் இதைக் குறிப்பாச் சொல்றேன்.

குமாரபாளையம் லேத்:
எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்று) மட்டும் ஒரு சைலன்சரை மாட்டிக்கிட்டுப் போயிட்டு வந்து கழட்டிக்கிறாங்க. ஊரே அப்படித்தான் ஓடுது. ஏர் ஹாரன் வைக்கிறதும் தப்புதான், வைக்காத வண்டி எத்தனை காட்டுங்க பாப்போம்.

கிளீனர் டு ஓனர்:
ஏர் ஹாரனை ஆர்டிஓ புடுங்கிப் போடறதையும் பார்த்துட்டுத்தானே இருக்கோம். ஒரு தப்புக்கு இன்னொரு தப்பைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. வழியில ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டிக்கு அடியில குனிஞ்சு பார்ப்பார். இல்லாத சைலன்சருக்கு அப்ப என்ன பதில் சொல்றது?

இன்னொண்ணு, காது. ஃபேக்டரியில எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லைன்னு வச்சிருக்காங்க. கேபின்ல நம்மாளு அதைவிடக் கூட நேரம் உட்கார்றான். 1400, 1500 ஆர்பிஎம்ல நேர் பைப் ஒரே சீராக் குடையும். இறங்கி டீக்கடையில நின்னா பக்கத்துல பேசறது கேட்காது. எங்க காலத்து டிரைவருங்க முக்கால்வாசிப் பேர் போன்ல ஏன் கத்திப் பேசறாங்கன்னு நினைக்கிறீங்க?

ஸ்காபரோ லொறி:
நான் இஞ்ச ஒன்ராறியோவில 18 சில்லு லொறி ஓடுறன். இஞ்சயும் இந்தப் பயித்தியம் இருக்கு. மேல உயர்த்தின ரெண்டு குரோம் பைப், உள்ளுக்கை ஒண்டும் இல்லை. இஞ்சத்த நெடுஞ்சாலைச் சட்டம் 75ஆம் பிரிவு, வேலை செய்யிற மஃப்ளர் எந்த நேரமும் இருக்கவேணும் எண்டு சொல்லுது. சின்ன ஊர்களுக்கை போற வழியில "இன்ஜின் பிரேக் பாவிக்கக் கூடாது" எண்டு பலகை நட்டிருக்கினம். பிழை பிரேக்கில இல்லை. மஃப்ளர் நல்லா இருந்தால் அந்த இன்ஜின் பிரேக், ஜேக் பிரேக் எண்டு சொல்லுறது, போட்டாலும் ஊர் தாங்கும். நேர் பைப்காரர் போட்டால் மெஷின் கன் சுடுற மாதிரிக் கேக்கும். ஆக்கள் முறையிட்டு முறையிட்டு, கடைசியில ஒழுங்கா ஓடுறவனுக்கும் மலை இறக்கத்தில அந்த பிரேக் இல்லாமப் போட்டுது.

பிஎஸ்6 பரிதாபம்:
இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். என்னுது 2021 பிஎஸ்6, புது புகை விதி வண்டி. டிஇஎஃப் செலவும் சென்சார் செலவும் தாங்கலை. நானும் அந்தப் பெட்டியை வெட்டிட்டு நேர் பைப் விடலாமா?

டர்போ கணக்கு:
கூடாது. உங்களுது வெறும் சைலன்சர் இல்லை. அந்தப் பெட்டிக்குள்ளதான் கரியைப் பிடிக்கிற டிபிஎஃப், நைட்ரஜன் ஆக்சைடை உடைக்கிற எஸ்சிஆர் எல்லாம் இருக்கு. டிஇஎஃப்ங்கறது 32.5 சதவீத யூரியா கலந்த சுத்தமான தண்ணி, அது வேலை செய்யறது அங்கதான். வெட்டினா நைட்ரஜன் ஆக்சைடை அளக்கிற நாக்ஸ் சென்சார் வழியா எரர் கோட் வந்து, இன்ஜின் சக்தியைக் குறைச்சு முடக்கிடும். முடக்காம இருக்க இசியூவை (இன்ஜின் கம்ப்யூட்டரை) ஏமாத்தணும். அமெரிக்காவுல இப்படி வெட்டின டீசல் பிக்கப் மட்டும் 5,50,000-க்கு மேலன்னு அந்த ஊர் சுற்றுச்சூழல் துறை இபிஏ 2020ல கணக்குச் சொல்லுச்சு. வெட்டிக் கொடுத்த கடைங்க மேல கேஸ் மேல கேஸ் போட்டாங்க.

குமாரபாளையம் லேத்:
பிஎஸ்6ஐ நானும் தொடமாட்டேன், அதுல சார் கட்சிதான். நான் பேசறது பழைய வண்டியைப் பத்தி. அதுல சைலன்சர் புகையை வடிகட்டறது இல்லை, இருந்தாலும் இல்லாட்டியும் புகை டெஸ்ட்டுல ஒரே அளவுதான் வரும். சுற்றுச்சூழல்னு யாரும் கொடி பிடிக்காதீங்க.

பைபாஸ் ஓரத்து வீடு:
சத்தமும் மாசுதாங்க.

கிளீனர் டு ஓனர்:
சங்ககிரிக்காரரே, உங்க வண்டியில எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை மூடி இன்ஜினாலயே வேகத்தைக் குறைக்கிறது) இருக்கா? பைப் மாத்தறவங்க டர்போ வாயிலிருந்தே புதுசா இழுத்து, வழியில இருக்கிற அந்த பிரேக்கோட பட்டர்ஃப்ளை வால்வைத் தூக்கி எறிஞ்சிட்டுப் போனதை நான் பார்த்திருக்கேன். "அதுவும் அடைப்புத்தானே"ன்னு ஒரு வியாக்கியானம் வேற. 28 டன்னோட தொப்பூர் மலை இறக்கம் இறங்கறப்ப அந்த வால்வோட அருமை தெரியும். பிரேக் டிரம் காய்ஞ்சு லைனிங் நாறுற வாசனை ஒரு தடவை மூக்குல ஏறினவன் அப்புறம் அதைக் கழட்ட விடமாட்டான்.

குமாரபாளையம் லேத்:
நான் வால்வைக் கழட்டினதே இல்லை. அதுக்குப் பின்னாலதான் வெட்டுவேன். அரைகுறை வேலைக்காரன் செஞ்சதை எங்க எல்லார் தலையிலயும் கட்டாதீங்க.

சங்ககிரி பத்துவீல்:
எல்லாருக்கும் நன்றிங்க. இன்னைக்குக் காலையில கோணி விரிச்சு அடியில படுத்துப் பார்த்தோம். சைலன்சரைத் தட்டினா டர்போ சார் சொன்ன மாதிரியே கலகலங்குது. ஆனா விஷயம் அதோட முடியலை. எக்ஸாஸ்ட் பிரேக் வால்வோட லீவரைக் கையால இழுத்தா அசையவே இல்லை. பட்டர்ஃப்ளை பாதி மூடின நிலையில கரி புடிச்சு ஜாம் ஆகி நிக்குது. தள்ளற ஏர் சிலிண்டரோட ராடும் வளைஞ்சிருக்கு. டிரைவரைக் கேட்டா, "பிரேக் ரொம்ப நாளா புடிக்கலைங்க, சுவிட்சு போயிருக்கும்னு விட்டுட்டேன்"ங்கறார்.

டர்போ கணக்கு:
திணறலுக்கு அதுதான் மூலம். பாதி மூடின வால்வை வச்சுக்கிட்டு பின்னால நாலு இன்ச் போட்டாலும் ஆறு இன்ச் போட்டாலும் புண்ணியம் இல்லை. ஷாஃப்ட்டைக் கழட்டி கரியைச் சுரண்டுங்க, புஷ் தேஞ்சிருந்தா மாத்துங்க, ஏர் சிலிண்டர் புதுசு போடுங்க. கையால தட்டினா முழுசாத் திறந்து நிக்கணும். அப்புறம் சைலன்சர். கம்பெனி சாமான் கட்டுப்படியாகலைன்னா அதே அளவு டப்பா, அதே உள்விட்டம் இருக்கிற வெளி மார்க்கெட் சைலன்சர் போடுங்க. ரப்பர் மவுண்ட்டைப் பழசே போட்டுடாதீங்க, அது தொங்கினா பைப்புல இருக்கிற வளையுற இணைப்பு, பெல்லோ, வெடிக்கும்.

குமாரபாளையம் லேத்:
வால்வ் ஜாம்னா அது வேற வியாதி, அதுல எனக்குச் சண்டை இல்லை. ஆனா வால்வைச் சரி பண்ணிட்டு ஒரு லோடு சைலன்சரோட, ஒரு லோடு நேர் பைப்போட போகட்டும். ஒரே பங்க்ல கழுத்து வரை டீசல், ஒரே டிரைவர், ஒரே எடை. அரை கிலோமீட்டர் வரலைன்னா பைப் காசு நான் வாங்கமாட்டேன்.

டர்போ கணக்கு:
ஒரு லோடு பத்தாது. எதிர்க்காத்து, சிக்னல், டோல் கியூ இதுலயே அரை கிலோமீட்டர் ஏறி இறங்கும். அஞ்சஞ்சு லோடு போகச் சொல்லுங்க, நானும் ஒத்துக்கறேன்.

சங்ககிரி பத்துவீல்:
ஏனுங்க, எம் வண்டியை வச்சு நீங்க ரெண்டு பேரும் பந்தயம் கட்டாதீங்க. அடுத்த மாசம் எஃப்சி வருது. லேத் அண்ணா, வால்வ் புஷ்ஷும் ஷாஃப்ட்டும் உங்ககிட்ட கடைஞ்சு தர முடியுமான்னு மட்டும் சொல்லுங்க, திங்கக்கிழமை வண்டியைக் கொண்டாந்து நிறுத்தறேன்.

குமாரபாளையம் லேத்:
கொண்டாங்க. சைலன்சரையும் வாங்கிட்டே வாங்க, மாட்டித் தர்றேன்.