மினி டிவி கேசட்டில் படம் சதுரம் சதுரமாக உடைகிறது, உதவுங்கள்

செந்தூல் சின்னவள்:
வணக்கம். 2006 தைப்பூசத்தில் அப்பா பத்துமலையில் காவடி எடுத்தார். பெரிய முருகன் சிலை திறந்த வருடம், படிகளுக்கு இன்னும் வண்ணம் அடிக்காத காலம். சித்தப்பா வீடியோ எடுத்த மினி டிவி (MiniDV, வீடியோ கேமராவில் போடும் சின்ன டிஜிட்டல் கேசட்) ஒன்றுதான் மிச்சம். (கடையில் மினி டிவி கேமரா கேட்டால் பையன் குட்டித் தொலைக்காட்சியைக் காட்டுகிறான்.) பழைய கேமரா ஒன்றை 150 வெள்ளிக்கு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். படம் சதுரம் சதுரமாக உடைகிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது. கேசட் போய்விட்டதா?

பிரிக்ஃபீல்ட்ஸ் கல்யாண வீடியோ:
பதறாதீர்கள் தங்கச்சி. முதலில் கேசட்டின் முதுகில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளுங்கள். கை தவறி சிவப்புப் பொத்தானை அமுக்கினால் காவடிக்கு மேல் உங்கள் வீட்டுச் சோபா பதிவாகிவிடும்.

அடுத்து, டேப்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை சகஜம். இருந்தால் கேமராவில் போடவே வேண்டாம், டேப்பை எழுதிப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும்.

பூஞ்சை இல்லையென்றால் புதுக் கேசட்டில் இரண்டு நிமிடம் பதிவு செய்து, அதே கேமராவில் ஓட்டுங்கள். அதுவும் உடைந்தால் ஹெட் அழுக்கு. கேமராவுக்குள் சுழலும் உருளையில் இரண்டு ஹெட் மாறி மாறி எழுதும். ஒன்று அடைத்தால் படம் ஒரு பட்டை ஓடும், அடுத்த பட்டை உறையும். அதற்கு உலர் கிளீனிங் கேசட் 10 விநாடி போதும். அதிகம் ஓட்டினால் ஹெட்டைத் தேய்த்துவிடும்.

ஈப்போ பழசு:
எதற்கு அவ்வளவு? காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள். விசிஆருக்கு நான் அப்படித்தான் செய்வேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கல்யாண வீடியோ:
அண்ணே, வேண்டாம். விசிஆர் உருளை பெரிசு, இது கட்டைவிரல் அளவு. பஞ்சு நூல் ஹெட்டில் மாட்டினால் கேமரா கதை முடிந்தது.

செந்தூல் சின்னவள்:
பூஞ்சை இல்லை. புதுக் கேசட்டில் எங்கள் பூனை பளிச்சென்று வருகிறது! அப்பா கேசட் மட்டும் அப்படியே. ஓடும்போது மூலையில் 'எல்பி' என்று காட்டுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் கல்யாண வீடியோ:
அதைச் சொல்லியிருந்தால் பாதி வேலை மிச்சம். 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் பிடிக்கச் சித்தப்பா எல்பியில் (லாங் பிளே, நீண்ட நேரப் பதிவு) எடுத்திருக்கிறார். டேப்பில் ஹெட் எழுதும் கோடுதான் தடம். சாதாரணப் பதிவில் அது 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) அகலம், எல்பியில் 6.7தான். எடுத்த கேமராவுக்கும் ஓட்டும் கேமராவுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் தடம் விலகிவிடும். ஒருமுறை கடைசி வரை ஓட்டிவிட்டு ரீவைண்ட் செய்து பாருங்கள், சிலசமயம் சரியாகும். ஆனால் உண்மையான மருந்து, எடுத்த கேமராவிலேயே ஓட்டுவது. அது எங்கே?

செந்தூல் சின்னவள்:
கிள்ளானில் சித்தப்பா வீட்டு அலமாரியில் இருந்தது அண்ணே. திரை செத்துவிட்டது. மஞ்சள் ஒயரைத் தொலைக்காட்சியில் செருகினோம். ஒரு சதுரம்கூட உடையவில்லை! உறுமிச் சத்தம் கேட்டதும் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கல்யாண வீடியோ:
அருமை. ஆசைக்காகத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள், முதலில் கணினியில் ஏற்றுங்கள். யூஎஸ்பி வழியாகப் பல கேமராக்கள் படத்தைச் சுருக்கித்தான் தரும். படத்தை அப்படியே கணினிக்குக் கொண்டுபோகும் ஃபயர்வயர் ஒயர் வேண்டும், கேமரா பக்கம் 4 முள். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி இடம் ஒதுக்குங்கள்.

செந்தூல் சின்னவள்:
என் மடிக்கணினியில் அந்தத் துளையே இல்லையே அண்ணே?

பிரிக்ஃபீல்ட்ஸ் கல்யாண வீடியோ:
என் பழைய கணினியில் இருக்கிறது. சனிக்கிழமை கேமராவையும் அதன் சார்ஜரையும் கொண்டு வாருங்கள். சார்ஜரை மறக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் மறப்பார்கள்.