கலைச்சொல் வேண்டல்: ‘பேக்ஸ்லாப்பிங்’ (ஒட்டகப்பால் கட்டுரைக்காக)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்காவின் மரபுவழி உணவுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் நீண்ட கட்டுரையொன்றை ஓர் அறிவியல் மாத இதழுக்காக மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒட்டகப்பால் பகுதியில் ஒரு சொல்லைத் தாண்ட முடியவில்லை. முன்பு புளித்த பாலில் ஒரு பங்கைப் புதிய பாலில் ஊற்றிப் புளிக்கவைக்கும் முறையை ‘பேக்ஸ்லாப்பிங்’ என்கிறார்கள். நம் அடுக்களைகளில் அன்றாடம் நடப்பதுதானே என்று ‘உறை ஊற்றுதல்’ என எழுதினேன். ஆனால் கட்டுரையில் வரும் பால் தயிராக உறைவதில்லை. சூடானின் ஒட்டக மேய்ப்பர் அருந்தும் காரிஸும், கென்யாவிலும் சோமாலியாவிலும் செய்யப்படும் சூசாக்கும் நன்றாகப் புளித்த பின்னரும் ஊற்றிக் குடிக்கும் பதத்திலேயே இருக்கின்றன. ‘உறை ஊற்றியும் உறையாத பால்’ என்றால் வாசகர் அதை அச்சுப்பிழை என்றே கொள்வார். போதாக்குறைக்கு, பாலைத் திரளச் செய்யும் ரென்னெட்டை இட்டுப் பாலாடைக்கட்டி செய்வதற்கும், பாலைப் பனிக்கட்டியாக்கிச் சேமிப்பதற்கும் ‘உறை’யையே எழுதியிருக்கிறேன். மூன்றையும் பதிப்பாசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பிவிட்டார். தக்க சொல் தந்து உதவ வேண்டுகிறேன்.

வ.செ.

*

அன்புள்ள வ.செ. அம்மையாருக்கு,

உறையைக் கைவிடும் முன் அது என்ன பொருளில் வழங்கியது என்று பார்த்துவிடலாம். ஒரு வீரன் பகைப்படை முழுவதற்கும் நோயானதை, ஆய்மகள் தன் கூரிய நகத்தால் தெறித்த ‘குடப்பால் சில்லுறை’யோடு ஒப்பிடுகிறார் மதுரைப் பூதன் இளநாகனார் (புறநானூறு 276). ஒரு குடம் பாலின் இயல்பை மாற்ற ஒரு துளி போதும் என்பதுதான் அந்த உவமையின் உயிர். அங்கே உறை என்பது பாலில் இடப்படும் பொருளின் பெயர். மழைத்துளிக்கும் உறை என்ற பெயர் உண்டு. உறைத்தல் என்றால் துளித்தல். ஆகவே பால் கெட்டிப்படுகிறதா இல்லையா என்பது இந்தச் சொல்லுக்குப் பொருட்டே இல்லை.

முந்தைய பாலிலிருந்து வந்தது என்ற குறிப்பு மட்டுமே நமக்கு வேண்டும். ‘எச்சவுறை’ என்று பரிந்துரைக்கிறேன். எச்சம் என்றால் எஞ்சியது. இலக்கணத்தில் அது, தன்னை முடிக்கும் சொல்லை எதிர்நோக்கி நிற்பது. நேற்றைய பாலின் எச்சம் இன்றைய பாலைக் கொண்டு முடிகிறது; இதைவிடப் பொருத்தமான ஆட்சி கிடைக்காது. ‘எச்சத்தாற் காணப்படும்’ என்ற வள்ளுவர் வாக்கைக்கூட ஒட்டகப்பாலுக்கு ஏற்றிச் சொல்லலாம்.

இன்னொன்று. ‘ஒட்டகக் குட்டி’ என்று எங்கேனும் எழுதியிருந்தால் ‘கன்று’ என மாற்றிவிடுங்கள். ஒட்டகத்தின் இளமைக்குக் கன்று என்னும் பெயரும் ஒருவழி பொருந்தும் என்பது தொல்காப்பிய மரபியல்.

இரா.ம.

*

புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

இலக்கணம் தெரிந்தவருக்கு எச்சம் இனிக்கும். மற்றவர்களுக்குப் பறவை எச்சமும், அதற்கடுத்து எச்சிலும்தான் நினைவுக்கு வரும். குடிக்கிற பாலைப் பற்றிய கட்டுரையில் அந்தச் சொல்லைக் கண்டால் யாரும் குவளையைத் தள்ளிவைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ‘உறைப்பு’ என்றால் மிளகாயின் காரம் என்பதையும் கணக்கில் எடுங்கள். மீண்டும் மீண்டும் இடப்படுவதால் ‘மீளுறை’ என்றால் போதாதா? சொல்லவும் எளிது, கேட்கவும் அருவருப்பில்லை.

க.யோ.

*

அனைவருக்கும் வணக்கம்.

பால் தொழில்நுட்பத்தில் பணியாற்றியவன் என்ற முறையில், சொல்லுக்கு முன் செய்முறைகளைப் பிரித்துக் காட்ட விரும்புகிறேன், ஏனென்றால் இங்கே நாம் ஒரே சொல்லுக்குள் அடைக்கப் பார்ப்பவை வெவ்வேறு வேலைகள்.

காரிஸ் தோற்பையில் ஆகிறது. பையில் முன்பே புளித்த பால் நிறைய இருக்கும். அதை ஒட்டகத்தின் சேணத்தில் கட்டிவிடுவார்கள். விலங்கு நடக்க நடக்கப் பால் குலுங்கிக்கொண்டே இருக்கும். குடிக்க எடுத்த அளவுக்கு ஈடாகப் புதிய பாலை ஊற்றி நிரப்புவார்கள். பை முற்றிலும் காலியாவதே இல்லை. பழைய பால் கிடைக்காதபோது கருஞ்சீரக விதைகள் சிலவற்றையும் ஒரு வெங்காயத்தையும் பாலில் போட்டுத் தொடங்குவார்கள். சூடானின் மரபுவழிப் புளிப்பு உணவுகளை விரிவாக ஆராய்ந்த ஹமீத் திரார் போன்றோர் இதை இடைவிடாத முறைக்கு நெருங்கிய ஒன்றாகவே வகைப்படுத்துகிறார்கள். இங்கே யாரும் தனியே ‘உறை’ எடுத்து வைப்பதில்லை.

சூசாக் வேறு. கறந்த பாலைப் புகையூட்டிய சுரைக்குடுவையில் ஊற்றி, அறை வெப்பத்தில் ஓரிரு நாள் விட்டுவிடுவார்கள். எதையும் சேர்க்காமலே புளித்துவிடும். காட்டு ஒலிவம் போன்ற மரங்களின் கொள்ளியைக் குடுவைக்குள் இட்டுப் புகையூட்டுவதால் கிருமிகள் ஓரளவு குறைகின்றன, மணமும் ஏறுகிறது. இதற்குத் தேவைப்படும் சொல் ‘தன்னொதிப்பு’.

பால் ஏன் கெட்டியாவதில்லை என்பதும் சொல்லோடு தொடர்புடையதே. மாட்டுப்பாலின் கேசின் புரதத்தில் கப்பா கேசின் என்னும் வகை ஏறத்தாழ 13 விழுக்காடு, ஒட்டகப்பாலில் 3.5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கேசின் திரள்களும் பெரியவை. பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற மோர்ப்புரதம் அறவே இல்லை. அதனால் புளிப்பு ஏறினாலும் உறுதியான தயிர்க்கட்டு அமையாமல், சிறு துகள்களாகப் பிரிந்து நின்றுவிடுகிறது. கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து பெறும் ரென்னெட்டும் இந்தப் பாலில் சரியாக வேலை செய்வதில்லை. மௌரித்தானியாவின் நுவாக்சோட் நகரில் நான்சி அபைதுர்ரஹ்மான் நிறுவிய திவிஸ்கி பால் பண்ணை ஒட்டகப்பாலில் பாலாடைக்கட்டி செய்து காட்டியது பெரிய செய்தியானதற்கு இதுவே காரணம். ரென்னெட்டில் இந்த வேலையைச் செய்யும் நொதி கைமோசின். பின்னர் ஒட்டகத்தின் கைமோசினையே ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். அது ஒட்டகப்பாலைக் கட்டுவதோடு, மாட்டுப்பாலை மாட்டின் கைமோசினைவிடச் சிறப்பாகவும் கட்டுகிறது என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. நொதியால் நிகழும் இந்த வேலைக்கு ‘திரைத்தல்’ என்றும், தயிராவதற்கு மட்டும் ‘உறைதல்’ என்றும், குளிரால் கட்டியாவதற்குப் ‘பனியுறைதல்’ என்றும் பிரித்துவிட்டால் பதிப்பாசிரியரின் வட்டங்கள் பெரும்பாலும் நீங்கிவிடும்.

பழைய பாலை மீண்டும் இடுவதற்குத் தனிச்சொல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சூசாக்கிலும் காரிஸிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்ஃபான்டேரியஸ் என்ற நுண்ணுயிர் பெருமளவில் காணப்படுகிறது. நோயோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக மக்கள் குடித்துவரும் பாலில் புளிப்புக்குப் பொறுப்பேற்றிருக்கிறது. தேர்ந்தெடுத்த நுண்ணுயிரை இடுவதையும், நேற்றைய பாலில் இருந்த நல்லது கெட்டது அனைத்தையும் சேர்த்து இன்றைக்குக் கடத்துவதையும் ஒரே பெயரால் அழைத்தால் இந்த நுண்ணுயிரைப் பற்றிய ஆய்வுகளின் கவலையே வாசகருக்குப் புரியாமல் போய்விடும். முன்னதற்கு ‘தேர்வுறை’, பின்னதற்கு ‘மீளுறை’ எனலாம்.

ந.தி.

*

ந.தி. அவர்கள் அரிய செய்திகளைத் தந்தார். நன்றி. ஆனால் சூசாக்கில் உறையே இல்லை என்பதை ஏற்க மனம் வரவில்லை. உறைதல் என்பதற்குத் தங்கியிருத்தல் என்னும் பொருளும் உண்டன்றோ? கழுவினாலும் நீங்காமல் குடுவையின் நுண்துளைகளில் உறைகின்றன நுண்ணுயிர்கள். உறைவது உறை, உறைந்ததே உறைவிக்கிறது. துளி, தங்கல், கட்டியாதல் ஆகிய மூன்றும் ஒரே வேரினின்று கிளைத்தவையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. துளி விழும், விழுந்த இடத்தில் தங்கும், தங்கியது இறுகும். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ‘உறையமை தீந்தயிர்’ என்பதையும் இவ்வழியே நோக்கலாம்.

திரைத்தல் நன்று. அதை யாரும் திரித்தல் என்று திரித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரிதல் கெடுதலைக் குறிக்கும். திரைதல் சுருங்கித் திரளுதல்.

இரா.ம.

*

ஐயா, வேர்ச்சொல் ஆராய்ச்சிக்குத் தனி மடல் இழை தொடங்கலாம்; அம்மையாருக்கு வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

நான் கல்லூரியில் உணவறிவியலைத் தமிழில் நடத்துகிறவன். ‘மீளுறை’ என்று கரும்பலகையில் எழுதினால், தலையணை உறையை மறுபடி மாட்டுவதா என்று கேட்கும் மாணவர் இருப்பார். உறைமோரைக் குறிக்கும் ‘பிரை’ என்றால் ஒருவரும் கேட்கமாட்டார். வீட்டில் பிரை குத்துவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். தெலுங்கில் ‘தோடு’, கன்னடத்தில் ‘ஹெப்பு’ என்று அவரவர் அடுக்களைச் சொல்லே வழங்குகிறது. மலையாளத்தார் நம் உறையை ‘உற’ என்றே வைத்திருக்கிறார்கள். நாம் மட்டும் வகுப்பறைக்கென்று ஒரு சொல்லைச் செதுக்குவானேன்? ‘பழம்பிரை இடுதல்’ என்று வையுங்கள்.

சு.கு.

*

பிரையைச் சில ஊர்களில் புரை என்கிறார்கள். புரை என்றதும் கண்புரைதான் நினைவுக்கு வரும். அதோடு, எங்கள் பக்கத்தில் பிரை என்றால் ஒருவருக்கும் விளங்காது. உறை என்றால் இரண்டு கரைகளிலும் விளங்கும்.

க.யோ.

*

அனைவருக்கும் நன்றி.

பெரும்பான்மை மீளுறை பக்கம் இருப்பதாகக் கொண்டு, ‘மீளுறை இடல்’ என்றே அனுப்பிவிட்டேன். முதன்முறை வரும் இடத்தில் ‘முன்பு புளித்த பாலில் ஒரு பங்கைப் புதிய பாலில் ஊற்றுதல்’ என்ற விளக்கமும், அருகே ‘பிரை குத்துதல்’ என்ற வழக்கும் இருக்கும். சூசாக்குக்குத் தன்னொதிப்பு, பாலாடைக்கட்டிக்குத் திரைத்தல், குளிருக்குப் பனியுறைதல். கன்று என்றும் திருத்திவிட்டேன். காரிஸுக்கு மட்டும் எந்தச் சொல்லும் இடவில்லை. பையில் நடப்பதை இரண்டு வாக்கியங்களில் விவரித்துவிட்டேன். பதிப்பாசிரியர் அதற்கும் ஒரு பெயர் கேட்டிருக்கிறார்.

வ.செ.

*

‘வற்றாவுறை’ எனலாம். எச்சவுறை கைவிடப்பட்டதில் என் மறுப்பு அப்படியே இருக்கிறது என்பதைக் குழுவின் ஆவணத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இரா.ம.

*

வற்றாவுறை என்றால் உலராத பொருள் என்றாகிவிடும், ஐயா. ‘நிரப்புநொதிப்பு’ என்பதே தொழில்நுட்பத்துக்குச் சரி. அடுத்த வாரம் இதைத் தனியே விவாதிப்போம்.

ந.தி.